தூங்கப் பாட்டு கேட்கலாம், ரசிக்கத்தான் கூடாது

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது நாற்பத்தொன்று. ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை தொடங்கியதிலிருந்து இரவு பதினொரு மணிக்குப் படுத்தாலும் பன்னிரண்டரை வரை புரண்டுகொண்டிருக்கிறேன். மறுநாள் வேலையெல்லாம் தலைக்குள் ஓடுகிறது. ‘எட்டு மணி நேர ஆழ்ந்த உறக்க இசை’ என்று செல்பேசியில் வரும் காணொளிகளைப் போட்டுப் பார்த்தேன். சில நாள் பலித்தது, சில நாள் இல்லை. இசை கேட்டால் உண்மையிலேயே தூக்கம் வருமா? நீலாம்பரி கேள் என்கிறார் அத்தை. 432 ஹெர்ட்ஸ் கேள் என்கிறான் தம்பி. பழகிப்போய், பாட்டில்லாமல் தூக்கமே வராது என்றாகிவிடுமா? கணவருக்குச் சத்தம் ஆகாது. காதில் மாட்டிக்கொண்டு தூங்கலாமா?

பதில்: இசை தூக்கத்துக்கு உதவும். அதற்கு ஓரளவு நல்ல சான்றும் இருக்கிறது. ஆனால் தூக்க மாத்திரை மூளைக்குள் போய்ச் செய்கிற வேலையை எந்த ராகமும் செய்வதில்லை. படுத்ததற்கும் கண்ணயர்வதற்கும் இடையில் மனம் நாளைய கணக்குகளுக்குள் போய் விழாமல், பற்றிக்கொள்ள வேறு ஏதோ ஒன்றைக் கொடுப்பதுதான் இசையால் ஆகிற காரியம். பகலெல்லாம் விழித்திருந்த உடம்புக்குத் தூக்கம் தானாகவே வரும். நாம் குறுக்கே நிற்காமலிருந்தால் போதும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம் என்று நீங்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் விடை இதிலிருந்துதான் கிளைக்கிறது. மனம் சாய்ந்துகொள்ளும் அளவுக்கு இசை இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து கவனிக்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. தூக்கக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவன் என்பதோடு கச்சேரிப் பித்தும் உள்ளவன் நான். நல்ல பாட்டைத் தூக்கத்துக்குப் பரிந்துரைக்க முடியவில்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

சான்று என்றேன். தைவானில் 60 முதல் 83 வயது வரையுள்ள 60 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. எல்லோரும் தூக்கக் குறைவு உள்ளவர்கள். ஒரு பிரிவினர் படுக்கும் நேரத்தில் 45 நிமிடம் மெல்லிசை கேட்டார்கள். ஆறு ஒலிநாடாக்களில் பிடித்ததை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். எல்லாம் நிமிடத்துக்கு 60 முதல் 80 துடிப்பு வேகத்தில் அமைந்தவை. மூன்று வாரத்தில் அவர்களுடைய தூக்கம் மற்றப் பிரிவினரைவிடத் தெளிவாக மேம்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் நன்றாக இருந்தது, இரண்டாவதைவிட மூன்றாவது நன்றாக இருந்தது. ஒரே இரவில் கிடைத்த பலன் அன்று அது. உங்களுக்குச் சில நாள் பலித்துச் சில நாள் பலிக்காமல் போனதன் விளக்கத்தில் பாதி இங்கேயே இருக்கிறது.

ஹங்கேரியில் நடந்த இன்னோர் ஆய்வு 2008-ல் வந்தது. தூக்கம் சரியில்லை என்று சொன்ன 94 மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 45 நிமிடம் மேற்கத்திய சாஸ்திரிய இசை, ஒரு பிரிவுக்கு அதே நேரம் ஒலிப்புத்தகம், மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. மூன்று வார முடிவில் இசை கேட்டவர்களின் தூக்கம் மேம்பட்டது. ஒலிப்புத்தகம் கேட்டவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. கதையைப் பின்தொடர வேண்டியிருக்கிறது அல்லவா, அடுத்து என்ன ஆயிற்று என்று மனம் காத்திருக்கும். படுக்கையில் அரசியல் விவாதமும் துப்பறியும் கதையும் கேட்டபடி தூங்கப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இப்படி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் தொகுப்பு 2022-ல் 13 ஆய்வுகளை, 1007 பேரை, எடுத்துக்கொண்டது. இசை கேட்டவர்கள் தங்கள் தூக்கத்தின் தரம் கூடியதாகச் சொன்னார்கள். தூக்கத் தரத்தை அளக்க வழக்கமாகப் பயன்படும் 21 புள்ளி வினாத்தாளில் ஏறக்குறைய மூன்று புள்ளி முன்னேற்றம். இது சின்ன மாற்றம் இல்லை. ஆனால் இதை அளந்தவர்கள் அவர்களேதான். கண்ணயர எடுக்கும் நேரம், மொத்தத் தூக்க நேரம் ஆகியவற்றுக்கான சான்று இதைவிட வலுக் குறைந்தது. ‘நான்கே நிமிடத்தில் தூக்கம் நிச்சயம்’ என்று தலைப்பு வைக்கும் காணொளிக்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சிகள் எதுவும் துணை நிற்காது.

ஐரோப்பியர்கள் சொல்லிக்கொள்ளும் பழைய கதை ஒன்று இருக்கிறது. ஜெர்மானிய இசைமேதை பாக் 1741-ல் அச்சிட்ட ஒரு பெரிய விசைப்பலகைப் படைப்பு, தூக்கம் வராத ஒரு பிரபுவுக்காக எழுதப்பட்டது என்பார்கள். பிரபுவின் வீட்டில் இருந்த கோல்ட்பெர்க் என்ற இளைஞன் இரவில் பக்கத்து அறையில் அமர்ந்து அதை வாசிப்பானாம். பாக்கின் வரலாற்றை 1802-ல் எழுதிய ஃபோர்க்கெல் தரும் கதை இது. உண்மைதானா என்று இசை வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். இருக்கட்டும். அந்தக் கதையிலேயே பிரபு தன்னைத் தூங்கவைக்கச் சொல்லவில்லை. விழித்திருக்கும் இரவில் சற்று உற்சாகமாக இருக்கும்படி வாசிக்கத்தான் சொல்கிறார். நல்ல யோசனை அது. தூக்கமின்மையில் பாதித் துன்பம் தூக்கம் வராதது. மறுபாதி, மணியைப் பார்த்துப் பார்த்து ‘இன்னும் வரவில்லையே, நாளைக்கு எப்படி வேலை செய்வேன்’ என்று பதறுவது. பதற்றம் இதயத்துடிப்பை ஏற்றுகிறது, ஏறிய துடிப்பு தூக்கத்தைத் தள்ளுகிறது. ‘தூங்குவதற்காக’ என்று கேட்காமல் ‘இருட்டில் சும்மா படுத்திருப்பதற்காக’ என்று கேளுங்கள். இந்தப் பதற்றம் பெருமளவு குறையும். தூங்கியே தீர வேண்டும் என்று இசையைக் காவலுக்கு வைத்தால், அது பலிக்கிறதா என்று நீங்கள் விழித்திருந்து காவல் காப்பீர்கள்.

எதைக் கேட்பது என்பதற்கு வருகிறேன். நிதானமான காலப்பிரமாணம் (வேகம்), திடீரென்று ஏறி இறங்காத சத்தம், கூர்மையான தாள வாத்தியம் இல்லாமை, சொல் இல்லாமை அல்லது சொல் காதில் பதியாமை. இவ்வளவுதான் பொது இலக்கணம். சாதாரணமாக ஓய்ந்திருக்கும்போது இதயம் துடிக்கும் வேகத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ நடக்கிற இசை பொருத்தம். இதற்குள் எந்த நாட்டு இசை வந்தாலும் சரி. அதேசமயம் இதை இரும்புச் சட்டமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பாட்டிஃபை தளத்தில் மக்கள் உறக்கத்துக்கென்று தொகுத்து வைத்திருந்த 985 பட்டியல்களை டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அலசி 2023-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை எதிர்பார்த்தபடியே மெதுவான, மென்மையான, குரலில்லாத இசை. ஆனால் துள்ளல் மிகுந்த பிரபலப் பாடல்களும் ஒரு தனிக் கூட்டமாக அவற்றில் இருந்தன. நன்றாகப் பழகிய பாட்டு சிலருக்கு எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஆறுதல்தான் போலும்.

அத்தை சொன்ன நீலாம்பரி. அதற்குப் பின்னால் நெடிய மரபு இருக்கிறது, தள்ளிவிட முடியாது. தாலாட்டுக்கு உரிய ராகம் என்று பெயர் பெற்றது. கோயில்களில் அர்த்தஜாம பூஜை முடிந்து சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும்போது நாகசுரத்தில் வாசிக்கும் வழக்கம் உண்டு. பொதுவாக ஆற அமரப் பாடப்படும் ராகம். சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். வளைந்து வளைந்து திரும்பும். பிருகாக்கள் என்னும் அதிவேகச் சுர உருட்டல்கள் பெரும்பாலும் தெறிப்பதில்லை. நமக்கு அது இதமாக இருப்பதற்கு இவை போதுமான காரணங்கள். தாலாட்டோடும் இரவோடும் அதைச் சேர்த்துக் கேட்டே வளர்ந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு பழக்கத்தின் பலமும் இருக்கிறது. இதற்கு மேல் அந்த ராகத்துக்குள் ஏதோ மருந்து பொதிந்திருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

நீலாம்பரி கேளுங்கள் என்று சும்மா சொல்லிவிடுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. ராகத்தின் பெயரைத் தேடி, கிடைத்த முதல் பதிவைப் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது மேடைக் கச்சேரிப் பதிவாக இருந்தால் என்ன ஆகும்? தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை மெல்ல வரும், அதுவரை நல்லது. பிறகு வயலின். பிறகு மிருதங்கம் சேரும். ரசிகர்கள் நடுவில் கை தட்டுவார்கள். பாட்டு முடிந்ததும் அடுத்து வருவது விறுவிறுப்பான மத்திம காலக் கீர்த்தனையாக இருக்கலாம், அதற்குப் பின் கல்பனாசுரம், அதற்குப் பின் தாள வாத்தியங்கள் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனம். கடம் உச்சத்துக்குப் போகும்போது தூங்குகிறவர் செத்தவராகத்தான் இருக்க வேண்டும். கச்சேரி என்பது கேட்பவரை விழிப்போடு வைத்திருக்கவே பல தலைமுறைகளாகச் செதுக்கப்பட்ட வடிவம். அதைப் படுக்கையறைக்குக் கொண்டுபோவது அதற்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை.

கர்நாடக இசைதான் வேண்டும் என்றால், தாளமில்லாத வீணை அல்லது புல்லாங்குழல் ஆலாபனையைத் தேடுங்கள். கீழ் ஸ்தாயியில் (தாழ்ந்த சுரங்களில்) உலவுகிறதா என்று பகலில் ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். மேல் சட்ஜத்தில் (உயர்ந்த ‘ச’வில்) நின்று விரிக்கும் பகுதி வந்தால் அந்தப் பதிவு வேண்டாம். பாட்டு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இதிலும் சங்கடம் இருக்கிறது. காது தானாகவே ‘இந்தப் பிடி நன்றாயிருக்கிறதே’ என்று கவனிக்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது வெறும் தம்புரா ஒலி. செல்பேசியிலேயே சுருதிப்பெட்டிச் செயலிகள் கிடைக்கின்றன. உங்களுக்குப் பிடித்த கட்டையில் (சுருதி அளவில்), தாழ்ந்த சுருதியில், மெதுவான மீட்டலில் வைத்துவிட்டால், ப-ச-ச-ச என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். அடுத்தது என்ன என்று எதிர்பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. தூக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் நம்மிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திரைப்பாடல்கள்? இரவு பத்து மணிக்கு மேல் பண்பலை வானொலிகள் எண்பதுகளின் மெல்லிசைப் பாடல்களைப் பொழிகின்றன. கேட்டுக்கொண்டே தூங்குகிறேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் ஏராளம். உங்களுக்கு அது ஒத்துவந்தால் நிறுத்தச் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்களைப் போல் தலைக்குள் ஓட்டம் நிற்காதவர்களுக்கு அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்கல்லின் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. மனத்தில் ஒட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடும் பாட்டுதான் அவருடைய ஆராய்ச்சிப் பொருள். தூக்க ஆய்வகத்தில் படுக்கும் முன் சிலருக்குப் புகழ்பெற்ற பாடல்களையும், சிலருக்கு அதே பாடல்களைக் குரல் இல்லாமல் வாத்தியத்தில் மட்டும் வாசித்த வடிவங்களையும் கொடுத்தார்கள். குரலில்லாத வடிவம்தான் அதிகமாக மனத்தில் ஒட்டிக்கொண்டது. தெரிந்த பாட்டின் சொல் விடுபட்டிருந்தால் மனம் அதை நிரப்பப் பார்க்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பாட்டு ஒட்டிக்கொண்டவர்களுக்குத் தூக்கம் வரத் தாமதமாயிற்று, நடுவில் விழிப்பும் அதிகம். இசை நின்ற பிறகும் மூளை அதை ஓட்டிக்கொண்டிருந்த தடயம் தூக்கத்தின்போது எடுத்த மூளை மின்பதிவிலும் தெரிந்தது.

ஆகவே ‘ஹிட் பாடல்கள், புல்லாங்குழலில்’, ‘பியானோவில் காதல் கீதங்கள்’ என்று வரும் தொகுப்புகள் மேலுக்குச் சாந்தமாகத் தெரிந்தாலும் உங்கள் நிலைக்கு ஏற்றவை அல்ல. புல்லாங்குழல் வாசிக்கும், உள்ளே நீங்கள் பல்லவியைப் பாடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு பாட்டு கல்லூரிக் காலத்தையோ இறந்துபோன ஒருவரையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். தெரியாத இசை, அல்லது மெட்டென்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத இசை நல்லது.

தம்பியின் 432 ஹெர்ட்ஸை இரண்டு பத்தியில் முடித்துவிடலாம். மேற்கத்திய வாத்தியங்களைச் சுருதி சேர்க்க ‘ஏ’ (A) என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 440 அதிர்வு, என்ற அளவை 1939-ல் லண்டனில் கூடிய மாநாடு ஒன்று பரிந்துரைத்தது. 1955-ல் அது சர்வதேசத் தரமாயிற்று. அதை எட்டு ஹெர்ட்ஸ் குறைத்தால் இயற்கையோடு இசைந்த, உடம்பைக் குணமாக்கும் சுருதி கிடைக்கும் என்பதுதான் இணையத்தில் உலவும் நம்பிக்கை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் இசையில் இந்த வாதம் தொடங்கவே முடியாது. நமக்கு நிலையான சட்ஜம் கிடையாது. ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் அவரவர் சாரீரத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறோம். தாலாட்டுப் பாடிய எந்தப் பாட்டியும் அளவி வைத்துப் பாடவில்லை, குழந்தைகள் தூங்கின.

அதோடு சேர்ந்து விற்கப்படுவது ‘டெல்டா அலை’ இசை. ஆழ்ந்த உறக்கத்தில் மூளையில் எழும் மெதுவான மின்னலைக்குத்தான் அந்தப் பெயர். இடது காதுக்கு 200 ஹெர்ட்ஸ், வலது காதுக்கு 204 என்று கொடுத்தால் மூளை நான்கு ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றைக் கேட்பதாக உணரும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய இயற்பியலாளர் டோவே கண்ட உண்மை இது. அந்த அதிர்வு மூளையை இழுத்துக்கொண்டு போய் ஆழ்ந்த உறக்கத்தில் தள்ளும் என்பதுதான் கேள்விக்குரியது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டு காதுக்கும் தனித்தனி காதொலிப்பான் இருந்தால்தான் அந்த விளைவே உண்டாகும். மேசைமேல் செல்பேசியை வைத்து அதை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் வேறு ஏதோ காரணத்தால் தூங்கியிருக்கிறார்கள்.

எட்டு மணி நேரக் காணொளியில் எனக்குப் பல குறைகள். நடுவில் விளம்பரம் வரும், அதுவும் இரட்டிப்புச் சத்தத்தில். திரை வெளிச்சம் அறையில் இருக்கும். பாட்டு மாற்றப் போனவர் செய்தி பார்க்கத் தொடங்கி அரை மணி நேரம் கழித்துத் திரும்புவார். இவற்றைவிட முக்கியமானது, இரவு முழுக்க ஒலி தேவையே இல்லை. ஆய்வுகளில் கொடுத்ததெல்லாம் 25 முதல் 60 நிமிடம். தூக்கத்திலும் காது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மேலோட்டமான தூக்கத்தில் இருக்கும்போது இசையில் ஒரு திருப்பம் வந்தால் விழிப்புத் தட்டும். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு நேரம் வைத்து, தானாக மெல்லத் தேய்ந்து நிற்கும்படி செய்யுங்கள். பதிவிறக்கிய ஒலிக்கோப்பு, விமானப் பயண நிலையில் செல்பேசி, திரை கவிழ்த்து வைத்தல். அலாரம் அந்த நிலையிலும் அடிக்கும். வயதானவர்களிடமிருந்து இரவில் அழைப்பு வரக்கூடிய வீடு என்றால் செல்பேசியை விட்டுவிட்டுச் சின்ன ஒலிப்பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிவிடுவது மேல்.

சத்தம் எவ்வளவு என்பதற்கு நம் வீடுகளில் எளிய அளவுகோல் ஒன்று தலைக்கு மேலேயே சுற்றுகிறது. மின்விசிறி ஓசைக்கு மேல் இசை காதில் விழ வேண்டும், ஆனால் கூர்ந்து கேட்டால்தான் சுரம் பிரிந்து தெரிய வேண்டும். அதற்கு மேல் வேண்டாம்.

மின்விசிறியைப் பற்றிச் சொன்னதால் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பாதி வழி வந்துவிட்டோம். மார்கழிக் குளிரில்கூட விசிறியைச் சுழலவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! காற்றுக்காக அன்று; அந்த ஓசை இல்லாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் பிடிக்காது. மின்சாரம் போனால் வியர்ப்பதற்கு முன்பே விழித்துக்கொள்வார்கள். ஒலியும் தூக்கமும் இப்படிப் பிணைந்துகொள்ளும். நாம் இசையில் வேண்டுவதும் இந்தப் பிணைப்பைத்தான். ஒரே இசை, ஒரே நேரம், ஒரே வரிசை: விளக்கணைப்பு, இசை, படுக்கை. மூன்று வாரமாவது விடாமல் செய்தால் அந்த இசையின் தொடக்கமே உடம்புக்கு ஓர் அறிவிப்பாகிவிடும். தினம் ஒரு புதுப் பட்டியல் தேடினால் இது நடக்காது. வேலை செய்யும்போதோ சமைக்கும்போதோ அதே இசையைப் போடுவதும் கூடாது, பிணைப்பு நீர்த்துப்போகும்.

பழகிவிடுமா என்றால், பழகும். மாத்திரைக்குப் பழகுவதுபோல் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை, நிறுத்தினால் உடம்பு நடுங்கப்போவதும் இல்லை. வெளியூரில் ஓரிரு இரவு கண்ணயரத் தாமதமாகலாம், அவ்வளவுதான். இசை இரவு நடுவில் நின்றுவிடும்படி வைத்திருப்பவர்களுக்கு இதுவும் குறைவு. நள்ளிரவில் விழித்துப் பார்க்கும்போது அமைதியாக இருக்கும் அறை அவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

இனி, இது எதற்கு ஆகாது என்பதைச் சொல்லியாக வேண்டும். உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது இவை இருந்தால் அது மூச்சுத்தடைக் கோளாறாக இருக்கலாம். இசையால் மூச்சுக்குழாய் திறக்காது, மருத்துவரைப் பாருங்கள். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாவது தூக்கம் கெட்டுப் பகல் வேலையும் பாதிக்கப்பட்டால் அதற்குப் பெயர் நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சையாக இன்று உலகெங்கும் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிந்தனை-நடத்தை முறைப் பயிற்சியை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-ல் இதை வழிகாட்டுதலாகவே வெளியிட்டது. அந்தப் பயிற்சியில் ஒரு விதி உங்களுக்கு இப்போதே பயன்படும். சுமார் இருபது நிமிடத்துக்கு மேல் விழித்துக்கொண்டே கிடப்பதாகத் தோன்றினால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் வேறெங்காவது உட்கார்ந்திருந்து, கண் அழுந்தும்போது திரும்ப வாருங்கள். மணி பார்க்க வேண்டாம். கட்டிலில் புரளும் பழக்கம் நீண்டால், கட்டிலே விழிப்புக்கு அடையாளமாகிவிடும். இசையோடு தூக்கம் பிணைகிற அதே விதி இங்கே எதிராக வேலை செய்யும். பிற்பகலுக்குப் பிறகு காபி குடிக்கிறீர்களா? காபியின் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணி டிகிரி காபியை நிறுத்தாமல் நீலாம்பரியைக் குறை சொல்லக் கூடாது.

உங்கள் சிக்கலின் வேர் இரவில் இல்லை, பகலில் இருக்கிறது என்று கேள்வியைப் படித்ததுமே தோன்றியது. மன அழுத்தத்துக்கு இசை பற்றிய ஆய்வுகள் தூக்கத்தைவிட அதிகம். 2020-ல் வந்த ஒரு தொகுப்பு 104 ஆய்வுகளை, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, எடுத்துக்கொண்டது. துடிப்பு, ரத்த அழுத்தம் போன்ற உடல் அளவுகளில் சிறியது முதல் நடுத்தர அளவு வரையான பலனும், மனத்தளவில் நடுத்தரப் பலனும் இருப்பதாகச் சொன்னது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், அறுவைக்கு முன் நரம்பு மரக்கச் செய்யும் ஊசி போடக் காத்திருந்த 157 பேரில் ஒரு பிரிவுக்கு மிடாசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தையும், மறு பிரிவுக்கு அதற்கென்றே அமைத்த மெல்லிசையையும் மூன்று நிமிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பதற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. 2019-ல் இது வெளியானதும் ‘இசை மருந்துக்கு நிகர்’ என்று செய்திகள் வந்தன. மருந்து பெற்றவர்கள்தான் அதிகத் திருப்தி தெரிவித்தார்கள் என்ற அடுத்த வரியைப் பலர் எழுதவில்லை. அந்த நோயாளிகள் இசையைத் தாங்களே தேர்ந்துகொள்ள வழியில்லாமல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தாலியில் பாவியா நகரத்து மருத்துவர் லூசியானோ பெர்னார்டி 2006-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 24 பேருக்குப் பல வகை இசைகளைக் கொடுத்தார். நம் சிதார் ராகமும் அதில் ஒன்று. வேகமான இசை மூச்சையும் துடிப்பையும் ஏற்றியது, மெதுவான இசை தணித்தது. வியப்பு இசையில் இல்லை. இடையில் செருகிய இரண்டு நிமிட மௌனத்தில், இசை தொடங்குவதற்கு முன்பிருந்ததைவிடவும் கீழே ரத்த அழுத்தமும் துடிப்பும் இறங்கின. அலுவலகத்திலிருந்து திரும்பியதும் பதினைந்து நிமிடம் எதையும் செய்யாமல் பிடித்த இசையைக் கேளுங்கள். இங்கே ரசித்துக் கேட்கலாம். திரைப்பாட்டும் கச்சேரியும் இந்த நேரத்துக்கு உரியவை. முடிந்ததும் உடனே எழுந்து அடுப்படிக்குப் போகாமல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். அந்த மௌனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட வருமானால் இன்னும் நல்லது. அதே பெர்னார்டி 2001-ல், லத்தீன் மொழி ஜெபமாலையையும் ‘ஓம் மணி பத்மே ஹும்’ மந்திரத்தையும் சொல்லவைத்து அளந்தார். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குக் கொண்டுவந்தன. இதயத்துக்கும் ரத்த நாளங்களுக்கும் இதமான வேகம் அது. நீண்ட வரியைப் பாடும்போது மூச்சை நீள விட்டே தீர வேண்டும் என்பதுதான் சூட்சுமம்; மதம் எதுவானாலும் நுரையீரல் ஒன்றுதான். விளம்ப காலத்தில் (மெதுவாக) ஒரு தேவாரமோ, பிடித்த ஒரு தாலாட்டோ, வெறும் முணுமுணுப்போ போதும். சாரீரம் எப்படியிருக்கிறது என்பது யாருக்கும் முக்கியமில்லை.

கடைசியாகக் கணவர் விஷயம். காதுக்குள் செருகும் காதொலிப்பானோடு தூங்குவதை நான் விரும்புவதில்லை. ஒருக்களித்துப் படுத்தால் காது அழுந்தி வலிக்கும். அழுக்கு உள்ளே தள்ளப்பட்டுக் கெட்டிப்படும். ஈரம் தங்கி நோய்த்தொற்றுக்கு இடமாகும். கம்பியுள்ளது என்றால் கழுத்தில் சுற்றும். மெல்லிய தட்டை ஒலிபெருக்கிகள் வைத்துத் தைத்த துணிப்பட்டைகள் விற்கிறார்கள். தலையில் கட்டிக்கொள்ளலாம், துவைக்கலாம். தலையணைக்கடியில் வைக்கும் தட்டை ஒலிபெருக்கியும் உண்டு. உங்களுக்கு மட்டும் கேட்கும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அநேகமாகக் கேட்காது. இரண்டுமே பெரிய செலவில்லை. ஒன்றே ஒன்று: ஒலிபெருக்கிக்குப் பதிலாகச் செல்பேசியையே தலையணைக்கடியில் செருகிவிடாதீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது நிச்சயமாகக் கூடாது. பஞ்சுக்குள் அது சூடேறும். வயர் எட்டும் தூரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.